அப்துல் ஸமத் விற்காத பங்கு

"ஒம்பது வருஷமா அந்தப் பங்கு அசையவே இல்லயே வாப்பா. வித்துட்டுக் கூரைய மாத்துங்க," என்றாள் மகள் நுஸ்லா, ஒழுகும் இடத்தில் வாளியை வைத்தபடி.

அப்துல் ஸமத் கூரையை அண்ணாந்து பார்த்தார். மாத்தளையில் மிளகு வியாபாரம் அவருக்கு. ஒரு மூட்டை ஒரு கிழமைக்கு மேல் அவர் கடையில் தங்காது. அந்தத் தேயிலைக் கம்பெனிப் பங்கை மட்டும் விடவில்லை.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பங்குத் தரகர் அலுவலகத்தில் மஸூதா மிஸ் அவரை உட்காரவைத்துக் கம்பெனி அறிக்கையைப் படித்துச் சொல்வாள். ஐம்பதைத் தொட்டும் கலியாணம் முடிக்காதவள். கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "மெதுவாத்தான் வளருது சேர். கொஞ்சம் பொறுத்துப் பாருங்களேன்," என்பாள். மனைவி மவுத்தாகி அடக்கமான பிறகு அவரோடு அரை மணி நேரம் ஆறுதலாகப் பேசுகிறவள் அவள் ஒருத்திதான். அந்தக் குரலைக் காதில் வைத்துக்கொண்டே அலுவிகாரை பஸ்ஸில் வீடு திரும்புவார்.

இதை மகளிடம் எப்படிச் சொல்வது?

மகளின் நச்சரிப்புத் தாங்காமல், விற்கும்படி கடிதம் எழுதிக் கொடுத்தார். மஸூதா அதை வெகுநேரம் பார்த்தாள்.

"கையெழுத்து ஒத்துவரல்ல சேர். அடுத்த கிழம வாங்க."

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் நுஸ்லா ஒரு அப்பியாசக் கொப்பியைக் கொடுத்து நாற்பது முறை கையெழுத்துப் போடவைத்தாள்.

அடுத்த கிழமை கையெழுத்து அச்சுப்போல் இருந்தது.

"அடையாள அட்டைக் கொப்பி மங்கலா இருக்கே சேர்."

மூன்றாம் முறை கொப்பி பளிச்சென்று இருந்தது.

"நீல மை சரிவராது சேர். கறுப்புல எழுதணும்."

ஒவ்வொரு முறையும் அவருக்குக் குடிக்கப் பிளேன்டீ வந்தது. வீட்டில் வாளி மூன்றானது.

"வேணுமின்னே பிழையா எழுதுறீங்க வாப்பா. நானும் வாறேன்."

"அல்லாவறிய இல்ல மகள்," என்றார். உண்மைதான். முகத்தில் இருந்த மலர்ச்சியைத்தான் மறைக்க முடியவில்லை.

நான்காம் முறை இருவரும் போனார்கள். கறுப்பு மை, தெளிவான கொப்பி. இனி இந்தப் படியேற ஒரு காரணமும் இருக்காதே என்று எண்ணியபடி ஸமத் ஒவ்வொரு படியாக ஏறினார். கடைசியாக ஒருமுறை பார்க்கக்கூடக் கொடுத்துவைக்கவில்லை. மிஸ் லீவாம். அவள் கதிரையில் நிஷாந்தி என்ற புதுப்பெண் இருந்தாள்.

நிஷாந்தி லாச்சியை இழுத்து, உள்ளேயிருந்த, அவர் முன்பு கொடுத்த மூன்று கடிதங்களையும் மேசையில் பரப்பினாள். கணினியோடு ஒத்துப்பார்த்தாள். பிறகு தலையைச் சொறிந்தாள்.

"மூணும் சரியாத்தான் இருக்கு சேர். இந்தப் பங்கு ஏறவே ஏறாதுன்னு மத்த எல்லாரையும் மிஸ்தானே எப்பவோ விக்கச் சொன்னாங்க, உங்கள மட்டும் ஏன் விடல்லன்னுதான் எனக்கு விளங்கல்ல."