தவ்ஹீதா வீட்டு ஃபிரிட்ஜ்

தமன்ஹூர்,
வியாழக்கிழமை

உதவித்தொகை ஆய்வாளரும் என் தாய்மாமனுமாகிய மதிப்புக்குரிய வஜ்தி மாமாவுக்கு, ராவியா எழுதுவது. உங்கள் முதுகுவலியும் மாமியின் கோபமும் தணிந்திருக்க இறைவனை வேண்டுகிறேன்.

நேரில் நின்றால் எனக்குக் குரல் எழும்பாது, அதனால் எழுதுகிறேன். நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

எங்கள் சமூகப்பணி வகுப்பில் டாக்டர் இக்லாஸ் ஒரு நாவல் கொடுத்தார். அதில் தவ்ஹீதா என்றொரு விதவை. அரசு ஆள் வந்தால் கதவைத் திறக்கமாட்டாள். உட்காரவைக்க வீட்டில் ஒரு நாற்காலி இல்லையே என்ற வெட்கம். "அவளாவே மாறி உதவி மனுவை நிரப்பிட்டு வாங்கடி. கதவுக்கு அந்தப் பக்கம் நிக்கிறவ மனசு அப்பத்தான் புரியும்" என்றார். உங்கள் அலுவலகத்தில் பயிற்சிக்கு வந்தபோது, இடைவேளையில் அவித்த மொச்சையும் ரொட்டியும் தின்றுகொண்டே, அசல் படிவத்திலேயே நிரப்பினேன். கால்வாய்க்கரையில் நாலு சந்துதான் என்பதால் ஐந்தாம் சந்து என்று முகவரி போட்டேன். அது உங்கள் மேசையிலிருந்த பதினேழு மனுக்களோடு கலந்துவிட்டது. என் தவறு அவ்வளவே. மறுநாள் கட்டு திரும்பி வந்தது. தவ்ஹீதாவின் மனுவில் உங்கள் கையெழுத்தில்: "நேரில் விசாரித்தேன். தேநீர் கொடுத்தார். வீட்டில் ஃபிரிட்ஜ் உள்ளது. உதவி தேவையில்லை."

மாமா, அந்த ஃபிரிட்ஜ் நாவலில்கூட இல்லை.

நீங்களோ அம்மாவிடம் வந்து, "கதை படிச்சுப் படிச்சு ஒம் பொண்ணுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுக்கா! இல்லாதவளுக்கு மனு போடுறா. மன்னிப்பு எழுதித் தரட்டும், இல்லாட்டி பயிற்சி ஏட்டுல கையெழுத்து கிடையாது" என்று குதித்தீர்களாம். அந்தக் கையெழுத்து இல்லாமல் பட்டம் இல்லை. நம் குடும்பத்திலேயே முதல் பட்டம் என்பதும் எனக்குத் தெரியும். இருந்தும் மாட்டேன். மற்ற பதினேழு மனுக்களிலும் அதே தேநீர், அதே ஃபிரிட்ஜ். அவர்கள் யாரும் கதை இல்லை. நேற்று அதிலிருந்த ஒரு முகவரிக்குப் போய்க் கதவைத் தட்டினேன். உள்ளிருந்தே ஒரு குரல், "உக்கார வைக்க ஒண்ணுமில்லம்மா, போயிட்டு வா."

"நின்னுக்கிட்டே பேசலாம் சின்னம்மா" என்றேன்.

கதவு திறந்தது. ஃபிரிட்ஜ் இல்லை. உங்களை அவர் பார்த்ததும் இல்லை.

மாமிக்கு என் சலாம். உங்கள் ஆயுள் நீளட்டும். விசாரிக்க இன்னும் பதினாறு வீடு இருக்கிறது.

உங்கள்,
ராவியா

பின்குறிப்பு: இதைப் படித்த அம்மா தலையில் அடித்துக்கொண்டு, பக்கத்திலேயே நின்று மன்னிப்புக் கடிதம் எழுத வைத்துவிட்டார். இணைத்திருக்கிறேன். கீழே தவ்ஹீதா என்றுதான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவள் வீட்டில் தேநீர் குடித்தவராயிற்றே நீங்கள், உங்களுக்கு அடையாளம் தெரியும்.