தூணை மூன்று முறை சுற்று

மார்ச் மூன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை, ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் அடித்தளக் கார் நிறுத்தத்தில் கார்களில் கீறல் விழாமலிருக்கத் தூண்களுக்கெல்லாம் கறுப்பு ரப்பர் பட்டை சுற்றப்பட்டது. அடுத்த வாரம் முதல் கார்களில் கறுப்புக் கோடுகள் தோன்றின.

இரண்டு செய்திகளையும் சேர்த்துப் பார்க்க அங்கே யாருக்கும் நேரமில்லை. எல்லோரும் கறை ஐயாவுக்காக வரிசையில் நின்றார்கள்.

யாருடைய சகலைக்கோ சிநேகிதர் என்று வந்து இறங்கியவர் அவர். வந்த கார் பால் நிறம். ஒரு பொட்டுக் கறை கிடையாது. "தீட்டு என் வண்டியை நெருங்காது" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். கோடு விழுந்த கதவின் முன் கண்ணை மூடி உதட்டை அசைப்பார்.

"செத்துப்போன சொந்தக்காரர் ஒருத்தர் உங்க மேல கோவமா இருக்காரு."

செத்துப்போன சொந்தக்காரர் இல்லாத வீடு ஏது? கோபமில்லாத சொந்தக்காரர்தான் ஏது? கூட்டம் சிலிர்க்கும். பிறகு தீர்த்தத்தில் நனைத்த துணி. நான்கு இழுப்பில் கோடு காணாமல் போகும்.

"தீர்த்தத்துல மண்ணெண்ணெய் வாசனை வருதே ஐயா?" என்று ஒருவர் துணிந்து கேட்டார்.

"அது சாபம் எரியற வாசனை."

கேட்டவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பரிகாரமும் உண்டு. காரிலேயே தூணை மூன்று முறை சுற்ற வேண்டும். எவ்வளவு ஒட்டிச் சுற்றுகிறார்களோ அவ்வளவு பலன். பக்தர்கள் நன்றாகவே ஒட்டினார்கள். மறுநாள் புதுக் கோட்டோடு வந்தார்கள். "பாத்தீங்களா, எவ்வளவு ஆழமான சாபம்!" என்றார் ஐயா. வரிசை வாசல்வரை நீண்டது.

மூன்றாவது மாடியில் கார் ஓட்டக் கற்றுத்தரும் டீச்சர் இருந்தார். அவருடைய வெள்ளைக் காரிலும் ஒரு கோடு. டீச்சரும் சிலிர்த்தவர்தான், வரிசையில் நின்றவர்தான். ஆனால் அந்தக் கோட்டை ஐயா துணியால் தொடவே இல்லை. பின்வாங்கினார்.

"இந்த வண்டி உயிர் கேக்குது தாயி. ஞாயித்துக்கிழமைக்குள்ள கைமாத்திடு. என் மச்சான் பழைய வண்டி வாங்கி விக்கிறான். அவன் ஜாதகத்துக்குச் சாபம் ஒட்டாது."

உயிர் கேட்கும் காரில் கிளட்ச் பழக யார் வருவார்கள்? மாணவிகள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். டீச்சருக்கு வேலையும் அதுதான், வருமானமும் அதுதான். கணவரோ ஐயாவின் மச்சானிடம் தலையாட்டிவிட்டு வந்திருந்தார்.

சனிக்கிழமை, கடைசி முயற்சியாக டீச்சர் தூணைச் சுற்றினார். இரண்டாவது சுற்றில் 'கீச்' என்றது. இறங்கிப் பார்த்தார். புதுக் கோடு! தூணைத் தடவினார். விரல் கறுத்தது.

மாடிக்கு ஓடினார். "ஏங்க, அது ரப்பர்ங்க! வெறும் ரப்பர்!"

கணவர் விரலைப் பார்த்தார், இரண்டடி தள்ளி நின்றார். "ஐயோ, உன் கையிலயும் ஏறிடுச்சா? அப்ப அது தூணுக்குள்ளதான் குடியிருக்கு!"

முட்டுச்சந்தில் ஹாரன் அடித்துப் பயனில்லை என்று டீச்சருக்குத் தெரியும். ஓட்டத் தெரிந்தவர் வேறு வழி பார்ப்பார்.

ஞாயிறு காலை. கணவர் கொடுத்த கார் சாவியை மச்சான் விரலில் சுழற்றிக்கொண்டு நின்றான். ஐயா பிளாஸ்டிக் நாற்காலியில் கண்மூடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். டீச்சர் கால் செருப்பைக் கழற்றினார். கறுப்பு ரப்பர் அடி. நேரே ஐயாவின் பால் நிறக் காருக்குப் போய், முன் கதவில் சர்ரென்று ஓர் இழுப்பு.

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு பெண்மணி வாயில் கைக்குட்டையைத் திணித்துக்கொண்டார். மச்சான் கத்த வாய் திறப்பதற்குள் டீச்சரே கத்திவிட்டார்.

"ஐயா! உங்க கார்லயே கோடு! யாரு சாபமோ!"

ஐயா கண் திறந்தார். குதித்து ஓடினார். சொந்தக்காரர்கள், கோபம், ஆவி எல்லாம் அந்த ஓட்டத்தில் உதிர்ந்துபோயின.

"எந்த மடப்பய ரப்பரைத் தேச்சான்? பெயின்ட் அடிச்சு ஒரு மாசம்கூட ஆகல! டேய் மச்சான், அந்த மண்ணெண்ணெய்த் துணிய எடுடா!"

மந்திரமில்லை, மூடிய கண்ணில்லை. நான்கு இழுப்பு. கோடு போய்விட்டது. அப்புறம்தான் திரும்பிப் பார்த்தார். வரிசை முழுக்க அவரையே பார்த்தது.

"ஏன் ஐயா, நீங்க தூணைச் சுத்த வேண்டாமா?" என்றார் டீச்சர்.

முதலில் சிரித்தது கைக்குட்டைப் பெண்மணி. பிறகு அடித்தளமே குலுங்கியது. டீச்சர் அந்தத் துணியை வாங்கித் தன் காரின் இரண்டு கோடுகளையும் துடைத்தார். கணவர் மெல்லப் பக்கத்தில் வந்து நின்றார். "நானும் சந்தேகப்பட்டேன்தான்..."

"ரொம்ப நல்லா சந்தேகப்பட்டீங்க. சாவிய வாங்குங்க."

மச்சானின் கையிலிருந்து சாவி திரும்பி வந்தது. ஐயாவும் மச்சானும் தப்பி ஓடிய பால் நிறக் கார், சரிவில் ஏறிய வேகத்தில் வாசல் தூணை நன்றாகவே ஒட்டி உரசிக்கொண்டு போனது.

மாலையில் டீச்சர் வீட்டு வாசலில் மூன்று பேர் கைகட்டி நின்றார்கள்.

"அந்தச் செருப்பை ஒரு தடவை கண்ணுல ஒத்திக்கலாமா, டீச்சர்?"

"செருப்பு கால்ல போட. தலை யோசிக்க. இடம் மாத்தி வெக்காதீங்க" என்று கதவைச் சாத்தினார்.

கார் விற்கப்படவில்லை. திங்கட்கிழமை காலை இரண்டு மாணவிகள் வந்தார்கள். முதல் பாடம், தூணை உரசாமல் திருப்புவது.