துகினெம் ஆன மகாராணி

வொனோசாரி,
வெள்ளிக்கிழமை

பாத்தாம் தீவில் வேலை பார்க்கும் அன்பு மகன் தர்யோனோவுக்கு அப்பா எழுதுவது. நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். தவறாக நம்பியிருந்தால் பொறுத்துக்கொள். தொலைபேசியில் எனக்கு நா எழாது. குழப்பம் வராமலிருக்க, சொல்லப்போவதை வரிசைப்படுத்திவிடுகிறேன்:

1. உன் மகளின் பெயரை மாற்றிவிட்டோம்.
2. அதனால் வந்த வினை.
3. இப்படி ஒன்று நம் குடும்பத்தில் யாருக்கும் இருந்ததில்லை.
4. உன் சம்மதம் தேவை.

ராணி முதல் வகுப்பில் இரண்டாம் முறையும் தோற்றதும் உன் அத்தை முர்தினி வந்து உட்கார்ந்துவிட்டாள். "தாயில்லாப் புள்ளைக்கு மகாராணின்னு பேரு வெச்சா தலை தாங்குமா அண்ணே? பேரு பாரம். இறக்கி வைங்க!" என்றாள். தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன் நான், மறுத்திருக்க வேண்டும். "அப்படியும் இருக்குமோ?" என்று மட்டும் கேட்டேன். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு அவள் பெயர் மாற்றும் சடங்குக்கான சிவப்புக் கஞ்சியும் வெள்ளைக் கஞ்சியும் காய்ச்சி, அக்கம்பக்கத்தாரைப் பாயில் உட்காரவைத்து, பள்ளியிலும் போய்ச் சொல்லிவிட்டு வந்து, துஆ ஓதி முடிவதற்குள் குழந்தை துகினெம் என்ற பட்டிக்காட்டுப் பெயர்க்காரி ஆகிவிட்டாள். எதிர்வீட்டு வாகியோ கஞ்சியை வழித்தபடி, "எங்க ஆட்டுக்கும் அந்தப் பேருதான் சார், நல்லாத்தான் மேயுது" என்று ஆறுதல் சொன்னார்.

மறுநாள் வகுப்பில் பெயரை எழுதச் சொன்னார்களாம். இரண்டு வருடம் பாடுபட்டு அவள் கற்றிருந்தது 'ராணி' என்ற ஒரே வார்த்தை. அதை எழுதினாள். "இது உன் பேரு இல்லையேம்மா" என்று ஆசிரியை சிவப்புக் கோடு போட்டார். வகுப்பே சிரித்ததாம். வீட்டுக்கு வந்து, "தாத்தா, எனக்குத் தெரிஞ்ச ஒரே ஒண்ணும் தப்பாயிடுச்சா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து பென்சிலைத் தொடுவதில்லை. பள்ளி என்றாலே குளியலறையில் தாழ் போட்டுக்கொள்கிறாள்.

யோக்யா நகரில் இப்படிப்பட்ட குழந்தைகளைச் சோதிக்கும் ஒரு பெண்மணியிடம் அழைத்துப்போனேன். புத்தியில் குறையில்லையாம். எழுத்தும் ஒலியும் அவளுக்கு ஒட்டவில்லை. வேறு வழியில் சொல்லிக்கொடுத்தால் ஒட்டும், ஆனால் இப்போதே தொடங்க வேண்டும் என்றார். "வீட்ல வேற யாருக்காச்சும் இப்படி இருந்துச்சாங்க ஐயா?" என்று கேட்டார். நம்மில் யாருக்கும் இல்லை என்ற மூன்றாவது குறிப்பைச் சொன்னேன். நீயே என் பள்ளியில் புத்தகத்தைப் பாராமல் பாடம் முழுவதையும் ஒப்பித்தவன் என்று பெருமையாகவும் சொன்னேன்.

இன்னொரு முறை தோற்றால் இடமில்லை என்கிறது பள்ளி. தந்தை சம்மதித்தால்தான் அந்தப் பெண்மணி தொடங்குவார். சரி என்று ஒரு வரி எழுது. பெயரைத் திருப்பிக் கொடுக்கவும் நீதான் சொல்ல வேண்டும். உன் அத்தையிடம் எனக்குப் பயம்.

ஐந்து வேளைத் தொழுகையிலும் உன்னை நினைக்கும்,
அப்பா

பின்குறிப்பு: உறையை ஒட்டிய பிறகு ராணி சொன்னாள்: "போன்ல பேசி அனுப்பியிருக்கலாமே தாத்தா. அப்பாவுக்கும் எழுத்து ஒட்டாது. கடுதாசி வந்தா கூட ரூம்ல தங்கியிருக்கிறவருதான் படிச்சுக் காட்டுவாரு. அப்பாதான் யார்கிட்டயும் சொல்லாதேன்னாரு." உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். ஆகவே, உரக்கப் படித்துக்கொண்டிருக்கும் அன்பரே, மூன்றாவது குறிப்பைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். இந்நேரம் படித்திருப்பீர்கள். அப்படியானால் அது தவறு என்பதையும் அவனுக்குப் படித்துக் காட்டுங்கள், மெதுவாக.