பூரணனின் ஏற்றுமதிப் படிவம்

ஒரு காட்டில் இது நடந்ததாம். சந்தை லாரியின் கூரையில் உட்கார்ந்து போய்வரும் மைனா ஒன்று சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் நேரில் பார்க்கவில்லை.

அந்தக் காட்டில் செங்காயி என்ற கரடிக்குக் கொஞ்சம் நிலமும் பூரணன் என்ற எருமைக்கடாவும் இருந்தன. பூரணன் அவன் வம்சத்திலேயே முதன்முதலாக எழுதப் படிக்கத் தெரிந்தவன். ஆனால் கடா பால் தராது. உழவுக்கு டிராக்டர் வந்துவிட்டது. செங்காயி அவனைச் சந்தைக்கு ஓட்டிப் போனாள்.

தரகர் நரி அவன் பல்லைப் பிடித்துப் பார்த்தது.

"ஏற்றுமதிச் சரக்கு அக்கா!"

"ஏற்றுமதின்னா?" என்றான் பூரணன்.

"வெளிநாடு தம்பி. கப்பல் முழுக்கக் குளுகுளுன்னு இருக்கும்."

பூரணனுக்கு உடம்பு சிலிர்த்தது. நரியும் வாங்க வந்த ஏற்றுமதிக் கம்பெனி ஓநாயும் கைகளைத் துண்டால் மூடி, விரல்பிடித்து விலை பேசின. சந்தையில் அதுதான் வழக்கம். பூரணனோ, தன்னைப் பாராட்டிக் கைகுலுக்குகிறார்கள் என்று அடக்கமாகத் தலை குனிந்தான்.

படிவம் வந்தது. 'கோமாரி நோய் வந்ததுண்டா?'

"இல்லைன்னு போடுப்பா," என்றது ஓநாய்.

பூரணனுக்குப் பொய் எழுத வரவில்லை. 'உண்டு. கன்றாக இருந்தபோது. பதினொரு நாள்' என்று அழகாக எழுதினான்.

ஓநாய் தலையில் அடித்துக்கொண்டது. "அடித்தல் திருத்தல் இருந்தா செல்லாதே! ஓட்டிட்டுப் போங்கக்கா."

"பக்கத்துக் கொட்டகைக்காரன் பேசாம குளம்பு ரேகை வச்சான், லாரி ஏறிட்டான். உன்னைப் படிக்க வச்சேன் பாரு!" என்று செங்காயி பொரிந்தாள்.

வழியெல்லாம் பூரணன் அழுதான். உயிர் பிழைத்ததற்காக இத்தனை அழுத எருமை அந்தக் காட்டில் வேறில்லை.

அடுத்த வாரம் புதுப் படிவம். 'இல்லை' என்று எழுதினான். பொய்யானாலும் கையெழுத்து நேராக வந்தது. கழுத்தில் மாலை போட்டார்கள்.

விற்றவர் கயிற்றைக் கொடுப்பதில்லை என்பது வழக்கம். செங்காயி அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டாள்.

"பத்திரமா வைம்மா. லீவுக்கு வரும்போது கட்டிக்கலாம்."

செங்காயி லாரியின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு, "சரிடா," என்றாள்.

பிறகு அந்தப் படிவத்தை நானே தேடி வாங்கிப் பார்த்தேன். புறப்படும் தேதிக்குக் கட்டம் இருக்கிறது. திரும்பும் தேதிக்கு இல்லை.

நீதி: உண்மை உயிரைக் காப்பாற்றும். ஆகவே, முன்னேற விரும்புகிறவர்கள் அதைத் தவிர்க்கவும்.