மஞ்சள் முக்கோணம்

ரயில் முண்டியம்பாக்கத்தைத் தாண்டும்போதுதான் வெனிலா அந்தப் போட்டோவைப் பார்த்தாள்.

திண்டிவனம் சைட்டிலிருந்து வாட்ச்மேன் மாரியப்பன் அனுப்பியிருந்தார். ‘போர்டு கட்டியாச்சு’ என்று ஒரு வரி, பக்கத்தில் இரண்டு கும்பிடு. போர்டு என்னவோ கம்பீரமாகத்தான் நின்றது. பத்தடிக்கு எட்டடி. ஆனால் அதில் இருக்க வேண்டிய ‘வெங்கி கார்டன்’ மனைப் படத்தைக் காணோம். மூன்று சாம்பல் நிறச் சதுரம், குறுக்கே சரிந்து ஓடும் ஒரு சிவப்புப் பட்டை, மூலையில் யாரோடும் ஒட்டாமல் ஒரு மஞ்சள் முக்கோணம். மீதியெல்லாம் வெறும் வெள்ளை.

"மாதாவே!"

அவள் போட்ட சத்தத்தில், எதிர் சீட்டில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்த அம்மாள் ஒரு பிடிக் கடலையைக் கீழே கொட்டிவிட்டார்.

வெனிலாவுக்குப் பகலில் ஒரு பிழைப்பு, மிச்ச நேரத்தில் ஒரு பைத்தியம். பிழைப்பு, திண்டிவனத்தில் மனை போட்டு விற்கும் வேங்கடேசன் ஆபீசில் கம்ப்யூட்டரில் பிளான் வரைவது. பைத்தியம், குவில்ட். துண்டுத் துணிகளைக் கட்டம் கட்டமாகச் சேர்த்துத் தைக்கும் மெத்தை விரிப்பு. அதிலும் பூவும் கொடியும் போட்ட பழைய மாடல் அவளுக்கு ஆகாது. எல்லாம் புதுமாதிரி. விழுப்புரம் ஜங்ஷனில் தண்டவாளம் பிரிவதைப் பார்த்தால் ஒரு கட்டம், வெயில் சரிந்து விழுந்த சுவரைப் பார்த்தால் இன்னொரு கட்டம். ரயிலில் வரைவாள், சோறு வேகும்போது நிறம் கொடுப்பாள், பிள்ளைகளுக்குத் தலை பின்னிக்கொண்டே அளவு யோசிப்பாள்.

"தைக்கத் துணி பத்தலியா? மஞ்சளா ஒரு துண்டு, மிச்சமெல்லாம் காலியா கெடக்குது" என்பான் புருஷன் டோமினிக். ஈஸ்டருக்கு மறுநாள் பைக்கிலிருந்து விழுந்து கால் முறிந்ததிலிருந்து அவன் கட்டிலில்தான். வீடு ஓடுவது வெனிலாவின் சம்பளத்தில்.

அந்தச் சம்பளத்துக்குத்தான் இப்போது ஆபத்து. போன மாதம் ஒரு கிரயப் பத்திரத்தின் பின்பக்கம் அவள் வரைந்து வைத்திருந்த கட்டத்தை வேங்கடேசன் பார்த்துவிட்டார். "தோ பாரும்மா, இன்னொரு தபா உன் மெத்த, தலகாணியெல்லாம் என் ஆபீஸ்ல பாத்தேன், அதையே சுருட்டிக்கினு வீட்டுக்குப் போயிட வேண்டியதுதான்" என்று ஆள் நிற்கும்போதே சொன்னார். மனிதர் சொன்னால் செய்கிறவர்.

முந்தாநாள் சாயங்காலம் ஒரு கையில் சாம்பார்க் கரண்டி, ஒரு கையில் போன் என்று நின்றுகொண்டு பிளெக்ஸ் கடைக்குப் படம் அனுப்பினாளே, அப்போது விரல் ஒரு படம் தள்ளி, அவள் வரைந்த குவில்ட் கட்டத்தின் மேல் பட்டுவிட்டது. வேறென்ன!

வேங்கடேசனுக்கு போன் போட்டாள். எடுக்கவில்லை. பிளெக்ஸ் கடைச் சேரனுக்குப் போட்டாள். அவன் பெண்டாட்டி அருணா எடுத்தாள்.

"அவரு மேல்மருவத்தூர்ல போர்டு கட்டப் போனாருக்கா. போனை இங்கியே வச்சிட்டுப் பூட்டாரு. இன்னா சமாச்சாரம்?"

"அருணா, சரியான படம் இப்ப அனுப்புறேன். ஜல்தியா ஒன்னு அடிச்சிக் குடும்மா. பத்தரைக்கு சைட்டுல பூஜை. நான் நேரா உன் கடைக்குத்தான் வர்றேன்."

"அடிச்சிடலாம். ஆனா கயிறு கட்டறதுக்கு ஓரத்துல வளையம் போட அவருதான் வரணும். எனக்கு அந்த மிஷினு ஓட்டத் தெரியாது."

"வளையம் கெடக்குது, நீ அடி!"

இந்தத் தடவை படத்தை மூன்று முறை பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அனுப்பினாள். அறுபத்துநாலு மனை, நடுவில் முப்பதடி ரோடு, ஏற்கெனவே விற்றுப்போன பதினேழு மனைக்குச் சிவப்பு நிறம், ‘புக்கிங் ஆனது’ என்று எழுத்து. அதுவேதான். போன வாரம் வேங்கடேசன், "பிளானுக்கு அப்ரூவல் வந்தாச்சு" என்று ஆபீசுக்கே ஆளுக்கு ரெண்டு ஜாங்கிரி கொடுத்தாரே, அந்தப் பிளான்.

அடுத்தது மாரியப்பன்.

"அண்ணே, அந்த போர்டை யாரும் பாக்கக் கூடாது. எதையாவது போட்டு மூடிடுங்க."

"ஏம்மா, நல்லாத்தானே இருக்குது? அந்த மஞ்சக் கலரு தூரத்துல வர்றப்பவே தெரியுதும்மா."

"அண்ணே!"

"சரி சரி, மூடிடுறேன்."

வெனிலாவுக்கு மயிலம் ஸ்டேஷனில்தான் மூச்சு வந்தது. கோடி அற்புதர் அந்தோணியாருக்கு ஒரு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டாள்.

பத்து மணிக்கு, சுருட்டிய பிளெக்ஸை ஆட்டோவுக்கு வெளியே பீரங்கி மாதிரி நீட்டிக்கொண்டு, வல்லம் ரோட்டில் இருந்த சைட்டுக்கு வந்து சேர்ந்தாள். சாமியானா போட்டிருந்தது. ஐயர் தேங்காய்க்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார். மாரியப்பன் சொன்ன சொல் தவறாமல் போர்டை மூடியிருந்தார். ஆனால் ‘எதையாவது’ போட்டு மூடவில்லை. சாமியானாக்காரனிடம் மிச்சமிருந்த ரோஸ் நிறச் சாட்டின் துணியை வாங்கி, மேலே ஜரிகை தொங்கவிட்டு, ஒரு கயிறும் கட்டியிருந்தார்.

"கயிறு எதுக்குண்ணே?"

"சாருதான் கட்டச் சொன்னாரு. போர்டை மூடி வச்சிருக்கறதப் பாத்துட்டு, ‘அட, திறப்பு விழாவா? பிரமாதமான ஐடியா’ன்னு என் முதுவுலயே தட்டிக் குடுத்தாரும்மா. முன்வரிசையில குந்திக்கினு இருக்காரே வெள்ளை சட்டை, பெரிய ஆபீசரு, அவரு கையால இழுக்கப் போறாராம்."

மூடாமல் விட்டிருந்தால், வெயிலில் நிற்கும் நூறு போர்டில் ஒன்றாக யாரும் திரும்பிப் பார்க்காமல் போயிருக்கும். இப்போது அறுபது பேர் கண்கொட்டாமல் பார்க்க, மைக்கில் பேர் சொல்லி, ஒரு ஆபீசர் கையால் அவளுடைய முக்கோணம் வெளியே வரப்போகிறது. கிணறு வெட்டினவளுக்குப் பூதம் கிளம்பிவிட்டது.

சொல்லிவிடுவதே மேல் என்று வேங்கடேசனிடம் ஓடினாள். மனிதர் ஜவ்வாது மணக்க நின்றுகொண்டிருந்தார்.

"சார், அந்த போர்டுல ஒரு சின்ன..."

"போர்டைப் பத்திப் பேசாத. அதெல்லாம் நான் பாத்தாச்சு. நீ போயி ஆபீசருக்கு ரோஸ்மில்க் குடு, போ."

பார்த்தாராம்! எங்கே பார்த்தார்? பார்த்திருந்தால் இவ்வளவு நேரம் அவளை உயிரோடு விட்டிருப்பாரா? ஜாங்கிரி மாதிரி சிரித்துக்கொண்டு நிற்பாரா? வெனிலா ரோஸ்மில்க்கை மாரியப்பனிடம் தள்ளிவிட்டு, ஏணியையும் பிளெக்ஸையும் தூக்கிக்கொண்டு போர்டுக்குப் பின்னால் போனாள்.

வளையமில்லாத பிளெக்ஸைக் கட்டுவது எப்படி? கைப்பையைத் துழாவினாள். சீப்பு, ஜெபமாலை, டோமினிக்கின் மாத்திரை, அடியில் குவில்ட் ஊசி. மூன்று அடுக்குத் துணியைக் குத்தி எடுக்கும் தடித்த ஊசி. கூடவே மெழுகு தடவிய நூல்.

சாட்டின் துணிக்கும் போர்டுக்கும் நடுவில் நுழைந்தாள். உள்ளே அடுப்படி மாதிரி வெந்தது. புதுப் பிளெக்ஸைப் பழையதன் மேல் வைத்து, மேல் மூலையில் ஒரு தையல், கை நீளம் தள்ளி இன்னொரு தையல். எத்தனை ராத்திரி சாம்பல் துணியையும் மஞ்சள் துணியையும் இப்படிச் சேர்த்துப் பிடித்திருக்கிறாள்! விரல் தானாக ஓடியது. வெளியே ஐயர் மந்திரத்தை முடித்துவிட்டார். ஏணி ஒரு ஆட்டம் ஆடியது. சாட்டின் துணி உப்பிப் புடைத்து அடங்கியது.

"உள்ள யாருய்யா?" வேங்கடேசனின் குரல்.

"காத்து சார்" என்றார் மாரியப்பன்.

"ஏணியில ஏறுற காத்தா?"

நல்ல காலம், அந்த நேரம் பார்த்து மைக் கீச்சென்று கத்தியது. "இப்பொழுது மரியாதைக்குரிய அதிகாரி அவர்கள்..."

இன்னும் ஒரு மூலை பாக்கி. மஞ்சள் முக்கோணம் இருந்த மூலை. அது மட்டும் புதுப் படத்தின் கீழிருந்து பிடிவாதமாக எட்டிப் பார்த்தது. நூல் சிக்கியது. பல்லால் கடித்து அறுத்து, முடிச்சுப் போடாமலே குத்தி இழுத்தாள். விரலில் ஊசி ஏறியது. கத்தக்கூட நேரமில்லை. முக்கோணம் மறைந்தது. வெனிலா ஏணியை இழுத்துக்கொண்டு போர்டுக்குப் பின்னால் பாய்ந்தாள். கயிறு இழுபட்டது.

சாட்டின் சரிந்து விழ, வெங்கி கார்டன் பளபளவென்று வெளியே வந்தது. அறுபத்துநாலு மனை, முப்பதடி ரோடு, சிவப்பில் பதினேழு. ஒரு சுருக்கம் இல்லை. ஜனம் கை தட்டியது.

வெனிலா குத்துப்பட்ட விரலைச் சப்பிக்கொண்டே முன்பக்கம் வந்தாள். மனசு துள்ளியது. வேலை பிழைத்தது, வீடு பிழைத்தது. அந்த ஆபீசர்தான் எவ்வளவு ஆசையாகப் பார்க்கிறார்! போர்டுக்குக் கிட்டே போய், சிவப்பு மனைகளை ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினார். போனை எடுத்துப் போட்டோ பிடித்தார். கிட்டே ஒன்று, தள்ளி நின்று ஒன்று. ஒரு மனை வாங்கிவிடுவார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

வேங்கடேசனைத் தேடினாள். மனிதர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணெல்லாம் தண்ணீர். உதடு துடித்தது. பாவம், அவருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

அப்போதுதான் சேரன் பைக்கில் வந்து இறங்கினான். போர்டைப் பார்த்தான். ஆபீசரைப் பார்த்தான். ஹெல்மெட்டைக் கழற்றக்கூட மறந்து வெனிலாவிடம் ஓடிவந்தான்.

"அக்கா, அந்த முக்கோணத்த ஏன்க்கா மறைச்ச? தப்புப் படம் வந்துருக்குதுன்னு நேத்தே நான் சாருக்கு போன் பண்ணிட்டேனே! ‘அதையே அடிடா, அது கலரா இருக்குது. நெசப் பிளானுக்கு இன்னும் அப்ரூவலே வரல, அதுக்குள்ள மனைய வித்தது தெரிஞ்சா வம்பு, அப்ரூவல் குடுக்கற ஆபீசரைத்தான் பூஜைக்குக் கூப்புட்டிருக்கேன்’னாருக்கா!"