காணாமல் போன டூட்டி சார்ட்

அன்று காலை வார்டு அறையில் இருந்தவர்கள்: ஹெட் நர்ஸ், அவருக்கு முன்னால் லேப்டாப், கதவோரம் துடைப்பத்தோடு ஆயாம்மா, டீ குடிக்கிற சாக்கில் சீனியர் நர்ஸ், வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரமே ஆன புது நர்ஸ். இல்லாதது ஒன்றுதான். அடுத்த மாத டூட்டி சார்ட்.

லேப்டாப்பைத் திறந்தால், கடைசியாக வேலை பார்த்த கோப்புகளை வரிசையாகக் காட்டும். இன்றைக்கும் காட்டியது. வரிசை போன மாதத்தோடு நின்றிருந்தது. அதற்குப் பிறகு இந்த வார்டில் யாரும் உயிரோடு இல்லாததுபோல.

"நேத்து சாயங்காலம் நான் கிளம்பற வரைக்கும் இருந்துச்சே!" என்றார் ஹெட் நர்ஸ்.

சார்ட் இன்று சாயங்காலத்துக்குள் போர்டில் ஏற வேண்டும். அதில் அவர் தனக்கென்று ஒரு வாரம் லீவு போட்டிருந்தார். சின்ன மகளுக்குப் பிரசவம். பெரியவளுக்கு வலி எடுத்த அன்று அவர் இங்கே யார் பெற்ற பிள்ளையின் கையையோ பிடித்துக்கொண்டு நின்றார். பெரியவள் அதை இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்.

"யாராவது இதைத் தொட்டீங்களா?"

அப்படிக் கேட்டதுதான் முதல் தப்பு. புது நர்ஸ் மாத்திரைத் தட்டை எடுத்துக்கொண்டு நழுவினாள். சீனியர் நர்ஸின் முகத்தில் விளக்கு எரிந்தது.

"அப்போ முதல்லேர்ந்து போடுவீங்களா சிஸ்டர்? எனக்கு ரெண்டு ஞாயிறு லீவு வேணும்."

"ஒண்ணுதானம்மா கேட்ட, அதைப் போட்டிருந்தேனே?"

"அது போன சார்ட்ல. அதான் போயிடுச்சே."

டீ ஆறுவதற்குள் செய்தி மாடி முழுக்கப் பரவியது. வீட்டில் தூங்க வேண்டியவர்கள்கூட போனில் வந்தார்கள். ஒருத்திக்கு நாத்தனார் கல்யாணம். ஒருத்திக்குப் பல் பிடுங்க வேண்டும்.

"மாசம் பூராவா பிடுங்குவாங்க?"

"வரிசையாப் பிடுங்கணுமாம் சிஸ்டர்."

ஹெட் நர்ஸ் போனைக் கவிழ்த்து வைத்தார். "ஆயாம்மா, இவங்கல்லாம் லீவு கேட்டு எழுதிக் குடுத்த சீட்டு எங்க?"

"நீங்கதானே சிஸ்டரம்மா, எல்லாம் ஏத்தியாச்சு, தூக்கிப் போடுன்னு சொன்னீங்க?"

"எந்தக் குப்பையில போட்டே?"

"பஞ்சு, ஊசியோட சேர்த்துப் போட்டேன். எரிக்கிற வண்டி காலையிலேயே வந்துடுச்சே."

வேறு வழியில்லாமல் கம்ப்யூட்டர்காரரைக் கூப்பிட்டார். முந்தின நாள் ஏதோ அப்டேட் போட வந்த அதே ஆள். வெளி கம்பெனி. அமைதியான பிள்ளை, கூப்பிட்ட உடனே வந்து நின்றார்.

"அப்டேட் பண்ணா சில சமயம் இப்படி ஆகும் மேடம். பயப்படாதீங்க."

ஆஸ்பத்திரியில் எந்தக் கட்டத்தில் 'பயப்படாதீங்க' என்பார்கள் என்று ஹெட் நர்ஸுக்குத் தெரியும். இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பவரே அவர்தான்.

கம்ப்யூட்டர்காரர் லேப்டாப்பை அணைத்துப் போட்டார். திரை வந்தபோது, முகப்பில் வைத்திருந்த பேரக்குழந்தையின் ஸ்கேன் படத்தைக் காணோம். வெறும் நீலம்.

"இது என்ன?"

"நாம வேற ஆளா உள்ள போயிருக்கோம் மேடம்."

"நான் நானாத்தானே உட்கார்ந்திருக்கேன்?"

"அது கம்ப்யூட்டருக்குத் தெரியலையே."

இன்னும் எதையோ தட்டினார். கொஞ்ச நேரம் திரையை உற்றுப் பார்த்தார். "ஒரே வழிதான். பழைய தேதிக்குக் கொண்டு போயிடறேன். நல்லா இருந்த காலத்துக்கு."

"அப்படி ஒரு காலம் இருந்துச்சா?" என்றார் சீனியர் நர்ஸ்.

லேப்டாப் பழைய காலத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஸ்கேன் படம் எடுப்பதற்கு முந்தைய காலம். போன மாத சார்ட் பளிச்சென்று கிடைத்தது. அதற்குப் பிறகு செய்தது எல்லாம் சுத்தமாகத் துடைத்தாகிவிட்டது.

"இனிமே எங்க தேடினாலும் கிடைக்காதா தம்பி?"

"உண்மையைச் சொல்லணும்னா மேடம்..."

"வேண்டாம். சொல்லாதீங்க."

மேட்ரன் போனில் வந்தார். "கம்ப்யூட்டர் போனா என்ன, நீங்க இருக்கீங்கல்ல? சாயங்காலம் நான் ரவுண்ட்ஸ் வரும்போது போர்டுல சார்ட் இருக்கணும்." பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டார்.

ஹெட் நர்ஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். கம்ப்யூட்டர்காரருக்கே மனம் கேட்கவில்லை போலிருக்கிறது.

"நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க மேடம். போன மாச சார்ட்டையே காப்பி பண்ணிடுங்க. வேலையை விட்டுப் போனவங்க பேரை எடுத்துட்டு, புதுசா வந்தவங்க பேரைப் போடுங்க. முடிஞ்சுது."

வேலையை விட்டுப் போனவர் பெரிய டாக்டரின் கொழுந்தியாள். மாதம் முழுக்கக் காலை ஷிஃப்ட்டில் மட்டுமே இருந்தவர். வார்டின் வழக்கமோ வேறு. புதிதாக வருகிறவர் முதல் மாதம் முழுக்க நைட் பார்க்க வேண்டும். எல்லோரும் அப்படி அழுதவர்கள்தான். காணாமல் போன சார்ட்டிலும் அப்படித்தான் இருந்தது. ஆனால் இப்போது வழக்கம் பார்க்க நேரமில்லை. புது நர்ஸின் பெயர் காலை வரிசையில் ஏறியது.

"அப்போ நைட்டுக்கு யாரு? போன மாசம் நீதானே பார்த்தே?" என்று சீனியர் நர்ஸைக் கேட்டார்.

"மறுபடியும் நைட்னா எங்க வீட்டுக்காரர் என்னை யாரோன்னு நினைச்சு வாசல்லயே நிறுத்திடுவார் சிஸ்டர். எழுதியே குடுத்துட்டுப் போயிடறேன், வேலை வேண்டாம்னு."

வேறு யாரைக் கேட்டாலும் பல், நாத்தனார், முதுகு. கடைசியில் ஹெட் நர்ஸ் தன் லீவைக் கைவிட்டார். நைட் வரிசையில் முதல் தேதியிலிருந்து கடைசித் தேதி வரை தன் பெயரையே அடித்தார். பிறகு மகளுக்கு போன் செய்தார்.

"டிக்கெட் எடுத்துட்டியாம்மா?"

"வீடியோல வரேன்டி கண்ணு."

"அக்காகிட்டயும் இதையேதான் சொன்னே." மகள் வைத்துவிட்டாள்.

சார்ட் போர்டில் ஏறியது. மேட்ரன் வந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். சீனியர் நர்ஸும் மறு பேச்சு வருவதற்குள் கிளம்பிவிட்டார். கம்ப்யூட்டர்காரர் வயர்களைச் சுருட்டிப் பையில் போட்டுவிட்டுக் கை கழுவப் போனார். இன்றைக்கு நமக்காக அலுக்காமல் நின்றது இந்தப் பிள்ளை ஒன்றுதான் என்று நினைத்து, பிளாஸ்க்கில் மிச்சமிருந்த டீயை ஹெட் நர்ஸ் அவருக்காக ஊற்றி வைத்தார்.

கதவிடுக்கில் புது நர்ஸ் தலையை நீட்டினாள். யூனிஃபார்ம் மாற்றி, தோளில் பை.

"சிஸ்டர், எங்க வீட்டுக்காரர் உங்க கம்ப்யூட்டரைச் சரி பண்ணிட்டாரா? நேத்தும் நீங்க போனப்புறம் ரொம்ப நேரம் இங்கதான் உட்கார்ந்திருந்தார்."

ஹெட் நர்ஸ் அவளைப் பார்த்தார். போர்டைப் பார்த்தார். காலை, காலை, காலை.

"நீ கீழ போய் உட்காரும்மா. அவருக்கு இன்னும் கொஞ்சம் வேலை இருக்கு."

அவள் படியிறங்கினாள். கம்ப்யூட்டர்காரர் ஈரக் கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டே வந்தார்.

"வாங்க தம்பி, உள்ள வாங்க. டீ ஆறுது."

அவர் உள்ளே வந்தார். ஹெட் நர்ஸ் அவருக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினார்.