எங்கள் காருக்கு பிரீமியம் பெட்ரோல் வேண்டாம் மாமா

அன்புள்ள நரசிம்மலு மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் ஹர்ஷிணி வணங்கி எழுதுவது. கிணத்துக்கடவில் அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். கார் மட்டும் சுகமில்லை என்று அப்பா சொல்கிறார். மேட்டுப்பாளையத்தில் நீங்களும் அத்தையும் நன்றாக இருப்பீர்கள். போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் அப்பா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச விடுவார். நேரில் என்றால் உங்களிடம்கூட எனக்கு வாய் வராது.

எனக்கு எல்.எல்.ஆர். வந்துவிட்டது மாமா. பத்தாவதோடு நின்ற எனக்கு டிரைவர் வேலைதான் சரிப்படும் என்று தோன்றுகிறது. வண்டி ஓட்டும்போது யாரும் நம்மைப் பேசச் சொல்ல மாட்டார்கள். ஆனால் அப்பா, "இஞ்சின்ல இழுவை பத்தல. அது தேறுனதும் தொடலாம்" என்று சொல்லி, தேற்றுவதற்காக பிரீமியம் பெட்ரோல் போட ஆரம்பித்தார். "காளைக்குப் பருத்திக்கொட்டை வெச்சா இழுக்காதா?" என்று கேட்டதற்கு அம்மா, "காளைக்கு வயசு பதினாறுங்க" என்றார். அன்னைக்கே பாருங்க, டிக்கியில இருந்த ரெண்டு மூட்டைத் தேங்காயப் பல்லடத்துல நஞ்சம்மாள் பெரியம்மா ஊட்டுல எறக்கிப்போட்டு வந்தோம், கார் பறந்துச்சுங்க. மூட்டை எறங்குனத அப்பா நெனைக்கவே இல்ல. "பாத்தயா, ஆக்டேன்!"னு ஸ்டியரிங்கத் தட்டிக் குடுத்தாரு. அந்தத் தெம்புல ஒரு கோழி லாரிய முந்தப் போயி, முந்தவும் முடியாம, பின்னாலயே வந்து, எங்க தலையெல்லாம் கோழி எறகு. "அவனும் பிரீமியம் போட்டிருப்பான்"னாரு. "லாரி டீசலுங்க"ன்னாங்க அம்மா. அப்புறம் மொபெட்டுக்கும் அதையே ஊத்துனாரு. அது எப்பவும்போல மிதிச்சாத்தான் கெளம்புச்சு. "அதுக்கு இன்னும் ருசி பழகல"ன்னாரு.

மெக்கானிக் ஷாஹுல் அண்ணன் தெளிவாத்தான் சொன்னாருங்க: "ஆக்டேன்னா சக்தி இல்லீங்க. இறுக்கி அழுத்துனாலும் பெட்ரோல் அவசரப்பட்டு வெடிக்காம பொறுத்துக்கற கொணம். அழுத்தம் அதிகமான இஞ்சினுக்குத்தான் அது வேணும். எந்த மாத்தமும் செய்யாத உங்க இஞ்சினுக்கு சாதாவே போதும்." அப்பா, "ஷாஹுலு, உனக்குக் காரோட மனசு தெரியாது"ன்னுட்டாரு.

நீங்க சொன்னா கேப்பாருங்க மாமா. ஞாயித்துக்கெழம அங்க வாரோம். "வண்டிக்கு ஒரு கொறையும் இல்ல, சாதா பெட்ரோலே போதும், புள்ளைய ஓட்ட உடுங்க மச்சான்"னு ஒரு வார்த்தை சொல்லுங்க.

அத்தைக்கு என் வணக்கம். உங்க மலையடிவாரத்து மழை எங்க தென்னைக்கும் கொஞ்சம் வரட்டும்.

இப்படிக்கு,
ஹர்ஷிணி

பி.கு.: மாமா, மேல எழுதுனத எல்லாம் மறந்துபோடுங்க. கவர் ஒட்டறதுக்குள்ள அப்பா வந்து, "வண்டி தேறிருச்சு கண்ணு. பிரீமியம் போட்டதுல இருந்து அது தானா ஓடுது, ஆரு ஓட்டுனா என்ன? மாமன் ஊட்டுக்கு நீயே ஓட்டு, நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்"னு சாவியக் குடுத்துட்டாருங்க. ஞாயித்துக்கெழம உங்க ஊட்டுல ஆராச்சும் சாதா பெட்ரோலே போதும்னு வாயெடுத்தா, தயவுசெஞ்சு நீங்களே அதட்டி வையுங்க.